முந்நூறு மரமும் பதினெட்டுக் குழியும்

குளச்சலில் இருந்து முதலில் வாங்கி வந்த வலைக்குக் கண் பெரிது. எந்த மீனுக்கு நெய்த வலையோ, கோல்ஃப் பந்துக்கு நெய்ததில்லை. இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே அதைக் கட்டிவிட்டு, ஏழாம் நம்பர் அயர்ன் என்கிற இரும்பு மட்டையால் முதல் பந்தை அடித்தேன். பந்து வலையைத் தொட்ட மாதிரியே தெரியவில்லை. அடுத்த விளையில் (தோட்டத்துக்கு எங்கள் ஊர்ச் சொல்) கோழிக்கூட்டுத் தகரத்தில் ஒரு சத்தம், அப்புறம் கோழிகளின் சத்தம், அப்புறம் அந்த வீட்டு அக்காவின் சத்தம். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. இருபத்திரண்டு வருடம் ஆடியவனுக்கு அது மனப்பாடம். வலைக்கண்ணை அளந்து பார்க்கத்தான் தோன்றவில்லை.

இப்போது கட்டியிருப்பது நெத்திலி வலை, இரண்டு மடிப்பு. அக்கா சமாதானமாகிவிட்டார். ஆனால் நான் மட்டையோடு விளைக்குள் இறங்கினால் கோழிகள் இன்றைக்கும் கூட்டுக்குள் போய்விடுகின்றன. என் ஆட்டத்தைப் பற்றி அவற்றின் கருத்து அது.

எங்கள் ஊர் குலசேகரம். திற்பரப்பு அருவிக்கும் பேச்சிப்பாறை அணைக்கும் போகிறவர்கள் எங்கள் சந்திப்பைத் தாண்டித்தான் போவார்கள். ரப்பர், மிளகு, மட்டி வாழை, வருடத்தில் பாதி நாள் மழை. கோல்ஃப் கிடையாது. நான் ஆடப் போவது திருவனந்தபுரம் கவடியாரில் இருக்கிற ஒன்பது குழி மைதானத்துக்கு. பதினெட்டுக் குழி ஆட வேண்டுமென்றால் அதையே இரண்டு தடவை சுற்ற வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதி வரைக்கும் அதுவும் நாங்களும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். மாநிலம் பிரிந்தபோது நாங்கள் தமிழ்நாட்டோடு வந்துவிட்டோம், கோல்ஃப் மைதானம் அங்கேயே நின்றுவிட்டது. அதனால் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று விடிவதற்கு முன்னாலேயே வண்டியை எடுக்கிறேன். பஹ்ரைனில் என்னோடு வேலை பார்த்த சேட்டன் ஒருவர் அங்கே உறுப்பினர். அவருடைய விருந்தாளியாகத்தான் உள்ளே நுழைகிறேன்.

பஹ்ரைனில் எண்ணெய்க் கம்பெனியில் ஸ்டோர் கணக்கு பார்க்கப் போனது 1993இல். கோல்ஃப் கற்றது அங்கே, மணலில். புல் மைதானம் என்பது அப்போது வளைகுடாவில் அரிது. துபாயில் முதல் புல்வெளி மைதானம் திறந்ததே 1988இல்தான். எங்களுக்குக் கிடைத்தது பாலைவனம். குழி இருக்கும் இடத்துக்கு மற்ற ஊரில் கிரீன் என்று பெயர். எங்களுக்கு அது பிரவுன். மணலில் எண்ணெய் கலந்து உருட்டி இறுக்கி வைத்திருப்பார்கள். ஆடி முடித்ததும் நம் கால்தடத்தை நாமே இழுத்துச் சமன் செய்துவிட்டு வர வேண்டும். பந்து விழும் இடமெல்லாம் மணல் என்பதால், கதவுக்கு முன்னால் போடும் மிதியடி அளவில் ஒரு துண்டு செயற்கைப் புல்லைக் கையில் தூக்கிக்கொண்டே நடப்போம். அதைப் போட்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிப்பது. ஊருக்கு வந்து இதைச் சொன்னபோது என் மச்சினன் கேட்டான்: "அத்தான், நடக்க எடத்துக்கெல்லாம் பாய் தூக்கிட்டுப் போறதுக்கு ஒரு வெளையாட்டா?"

2015இல் ஊர் திரும்பினேன். புல் மைதானத்தில் ஆட ஆரம்பித்ததும் ஆட்டம் தேறும் என்று நினைத்தேன். தேறவில்லை. பதினெட்டுக் குழிக்கு 104, 106, 109 அடி. கோல்ஃபில் அடி குறையக் குறையத்தான் நல்லது. கை கால் எல்லாம் பஹ்ரைனில் இருந்த அதே கை கால்தான். மாறியது மண்டை. அங்கே ஆடுவது வேலை முடிந்து வந்த களைப்பில், யாரோடாவது பேசிக்கொண்டே. இங்கேயோ மாதத்தில் ஒரு நாள். டீசல் செலவு செய்து, வீட்டில் சொல்லிக்கொண்டு, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் போய் ஆடுகிறேன். முதல் பந்து கோணலாகப் போனதுமே 'இந்த மாதம் போச்சு' என்று ஆகிவிடும்.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கணக்குப்பிள்ளை புத்தி போகுமா. ஒரு சுற்று ஆட நாலு மணி நேரம். ஓர் அடிக்கு, மட்டை மேலே போய்க் கீழே வர, இரண்டு வினாடிகூட ஆகாது. நூறு அடி என்றாலும் மொத்தம் மூன்று நிமிடம் சொச்சம். மிச்சமிருக்கிற மூன்று மணி ஐம்பத்தாறு நிமிடமும் நடப்பது, நிற்பது, பந்தைத் தேடுவது, நம்மை நாமே ஏசிக்கொள்வது. தேடுவதற்கும் இப்போது மூன்று நிமிடம்தான். 2019இல் விதியை மாற்றுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் இருந்தது. ஏசிக்கொள்வதற்கு மட்டும் விதி எதுவும் கிடையாது.

நான் ஏசிக்கொள்வேன். எங்கள் ஊர் வசவுகளுக்கு ஒரு வளம் உண்டு, 'சவம்' என்று ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. மூன்றாவது குழியில் ஒருதடவை மரத்தடிப் புதரில் இருந்து வெளியே வரவே நாலு அடி ஆகி, ஒன்பதில் முடித்தேன். மட்டையைத் தூக்கி எறிந்தேன். என் பையைச் சுமந்து வந்த பையன் ஒன்றும் பேசாமல் போய் எடுத்து, மண்ணைத் துடைத்து, பையில் வைத்தான். என் மகள் வயதுதான் இருக்கும் அவனுக்கு. அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும்போது நெய்யாற்றின்கரை வரைக்கும் வண்டியில் பாட்டுகூடப் போடவில்லை.

(பை சுமப்பவரைக் கோல்ஃபில் 'கேடி' என்பார்கள். ஊருக்கு வந்த புதிதில் வீட்டில் போனில் "காலையில கேடி ஒருத்தன் வருவான், அவன்கூடத்தான் நாலு மணி நேரம்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.)

அப்போதுதான் நாகர்கோவிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'நேர்மறைச் சிந்தனை' வகுப்பு ஒன்றுக்குப் போனேன். மண்டபம், தேநீர், பைல், பேனா. பேசியவர் நல்ல பேச்சுக்காரர். தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று "நான் வெற்றியாளன், இன்று எல்லாம் நன்றாக நடக்கும்" என்று இருபத்தொரு தடவை சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். முழுசாக ஒரு மாதம். இருபதாம் நாளோ என்னவோ, மனைவி காப்பித் தம்ளரோடு கதவருகில் நின்று கேட்டுவிட்டு, "நீங்க சொல்லுதது கண்ணாடிக்குக் கேட்டுருக்கும். பந்துக்குக் கேட்டுதா?" என்றாள்.

கேட்கவில்லை. அந்த மாதம் 111. இதுவரைக்கும் என் கணக்கிலேயே மோசமான சுற்று அதுதான். ஏன் என்று அப்புறம் யோசித்தேன். 'எல்லாம் நன்றாக நடக்கும்' என்று ஒரு மாதம் சொல்லி வைத்தவனுக்கு, முதல் பந்து மரத்துக்குள் போனதும் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது. வெறுமனே கோபப்படுகிறவன், இப்போது ஏமாந்த கோபம் படுகிறான். நல்லதையே எதிர்பார்ப்பது தன்னம்பிக்கை என்று நினைத்திருந்தேன். அது இன்னொரு பாரம்.

அந்த வகுப்பில் அவர் சொன்ன ஒரே ஒரு விஷயம் மட்டும் என்னோடு தங்கியது, அதுவும் அவர் வேறு எதற்கோ சொன்னது. 'வேண்டாம்' என்கிற சொல் மனசுக்குப் புரியாது என்றார். முட்டை வாங்கப் போகும் பிள்ளையிடம் 'கீழே போட்டுராத' என்று சொல்லி அனுப்புகிறோம், பிள்ளை போட்டுவிட்டு வருகிறது. அதை வைத்து என்னையே கவனித்தேன். இடப்பக்கம் காடு இருக்கிற ஒரு குழி உண்டு. அங்கே வந்ததும் என் கை தானாகப் பைக்குள் போய்ப் பழைய பந்தைத் தேடும். புதுப் பந்து எதற்குத் தொலையணும் என்கிற சிக்கனம். ஆனால் அந்தப் பழைய பந்தை டீ என்கிற சின்னக் குச்சியின் மேல் வைத்த நிமிடத்திலேயே, இது காட்டுக்குள் போகப் போகிறது என்று நான் எனக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பந்தும் மரியாதையாகப் போய்விடும். இப்போது அந்தக் குழியில் பையில் இருப்பதிலேயே புதிய பந்தை எடுக்கிறேன். எப்போதும் தப்பிக்கிறது என்று சொல்லமாட்டேன். போன வருடம் நாலு புதுப் பந்து அங்கே காணிக்கை. ஆனால் முன்பெல்லாம் பத்துக்கு ஏழு தொலையும்.

காட்டைப் பார்க்காதே என்றால் எதைப் பார்ப்பது? அதற்கு ஒரு பதில் வேண்டும். ஜாக் நிக்லஸ், மேஜர் என்கிற பெரிய போட்டிகளில் பதினெட்டுப் பட்டம் வென்றவர். பந்து எங்கே போய் விழப்போகிறது, எப்படிப் பறந்து போகும் என்று மனசுக்குள் படமாகப் பார்க்காமல் பயிற்சியில்கூட ஓர் அடி அடித்ததில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். எனக்கு அவ்வளவு பெரிய படம் ஓடாது. நான் பார்ப்பது ஓர் ஆள். ஃபேர்வே என்கிற நடுப் புல்பரப்பில் நூற்றைம்பது கெஜத்தில் வெள்ளை வேட்டி கட்டி என் அப்பா நிற்பதாக வைத்துக்கொள்வேன். அவருக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கோல்ஃப் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார், ஆனால் நிற்கச் சொன்னால் நிற்பார்.

ஆசானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் விளையில் பால் வெட்டுகிறவரை நான் ஆசான் என்று கூப்பிடுகிறேன். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் அடிமுறைக்கும் வர்மத்துக்கும் உரியது. அவர் இரண்டும் தெரியாதவர், அதனால் கூச்சப்படுவார். அறுபத்தைந்து வயது இருக்கும். என் விளையில் நூற்றெண்பது மரம், பக்கத்து விளையில் மிச்சம், மொத்தம் முந்நூறு மரம் ஒரு காலைக்கு. தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே ஆரம்பித்துவிடுவார். வெயில் ஏறினால் பால் சுரப்பது குறைந்துவிடும் என்பதால் அப்படி. பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது, ஒரு நூல் கூடிப்போனால் உள்ளே தடியில் காயம் படும். காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அடுத்த முறை அங்கே கத்தி ஓடாது. கோல்ஃப் மட்டை தரையில் எவ்வளவு இறங்கலாம் என்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். கொஞ்சம் மேலே பட்டால் பந்து தரையோடு ஓடும், கொஞ்சம் முன்னால் இறங்கினால் மண்தான் பறக்கும்.

ஒருநாள் விடிகாலையில் அவர் பின்னாலேயே நடந்தேன். ஒரு மரத்தில் கத்தி இறங்கிவிட்டது, எனக்கே தெரிந்தது. அவர் 'ச்சூ' என்று ஒரு சத்தம் விட்டார். குனிந்து ஈரமண் எடுத்துக் குழைத்து அந்த இடத்தில் பூசினார். அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். மொத்தம் அரை நிமிடம் இருக்கும்.

"ஆசானே, வருத்தமா இருக்காதா?"

"இருக்காதா பின்ன. நம்ம கை பட்ட காயம்லா."

"அடுத்த மரத்துல அந்த நெனப்பு வராதா?"

"சாரே, வெயிலு வருததுக்கு மின்ன முந்நூறு மரம் தீரணும். இதுல நெனச்சா அதுலயும் இறங்கும். நாளக் கழிச்சு இதே மரத்துக்கு வருவேம்லா, அப்ப நெனச்சுக்கிடுவேன்."

எனக்கு வேண்டியது அந்தக் கடைசி வரிதான். தவறை மறந்துவிடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். மறக்க முடியாது, மறக்கவும் கூடாது, மறந்தால் எப்படித் திருந்துவது? ஆசான் மறக்கவில்லை. நினைக்க வேண்டிய நேரத்தைத் தள்ளி வைக்கிறார். இந்த மரத்துக் காயத்தை இந்த மரத்திலேயே விட்டுப் போகிறார், திரும்பி வரும்போது எடுத்துக்கொள்கிறார்.

அதை அப்படியே மைதானத்துக்குக் கொண்டுபோக எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. கெட்ட அடி விழுந்தால் இரண்டே சொல் எழுதுவேன்: 'ஐந்து அயர்ன், வலது', 'பங்கர், பயம்' (பங்கர் என்பது மணல் பள்ளம்). நோட்டை மூடிவிடுவேன். எழுதி முடித்ததும் நடக்க ஆரம்பிப்பேன், பத்துக் காலடி வரைக்கும் என்ன வேண்டுமானாலும் ஏசிக்கொள்ளலாம். இந்தப் பத்தடி என் கண்டுபிடிப்பு இல்லை. டைகர் உட்ஸ் தனக்கு இப்படி ஒரு பழக்கம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பத்து அடி முடிந்ததும் சேட்டனிடம் அவருடைய பேரனைப் பற்றிக் கேட்பேன். அவருக்கு அந்த விஷயத்தில் பேச்சு முடியவே முடியாது, அதனால் அடுத்த பந்து வரைக்கும் எனக்குக் கவலையில்லை. நோட்டைத் திறப்பது வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, மறுநாள் வலைக்கு முன்னால் நிற்கும்போதுதான். அங்கே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வருத்தப்படலாம். கோழிகள் மட்டும்தான் பார்க்கும்.

பழைய அமெரிக்க ஆட்டக்காரர் வால்டர் ஹேகன், பதினோரு மேஜர் வென்றவர், ஒரு சுற்றுக்குக் குறைந்தது ஏழு தப்பாவது வரும் என்று முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுவாராம். ஒரு தப்பு வந்தால் அது அந்த ஏழில் ஒன்று, அதற்கு மேல் யோசனை இல்லை. ஸ்டோரில் நாங்கள் உடைசல் கணக்கு என்று ஒன்று எழுதுவோமே, அது மாதிரி. உடையாது என்று நினைக்கிற கணக்குப்பிள்ளை ராத்திரி தூங்கமாட்டான். உடையும் என்று எழுதி வைத்தவன் தூங்குவான். ஹேகனுக்கே ஏழு என்றால் எனக்குப் பதினைந்தாவது வேண்டாமா? பதினைந்து என்று வைத்தேன்.

இதோடு இன்னொரு வேலையும் செய்தேன். மைதானத்தின் அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று அச்சடித்திருக்கும், அதுதான் பார். அது நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கான கணக்கு. அதைப் பேனாவால் அடித்து, ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டி எழுதினேன். நாலு என்றிருந்த இடத்தில் ஐந்து. அப்படியென்றால் ஐந்தில் முடித்தால் எனக்கு அது பார், நாலில் முடித்தால் பேர்டி, அதாவது பாரைவிட ஒன்று குறைவு. ஆட்டத் தரத்துக்கு ஏற்றபடி அடிகளில் சலுகை தருகிற ஹேண்டிகேப் என்கிற ஏற்பாடே இதுதானே, நான் சும்மா அதை அட்டையில் எழுதிக் கண்ணுக்குத் தெரிய வைத்தேன். சேட்டன் முதலில் சிரித்தார். "நாட்டுல எல்லாரும் இப்படி மார்க்கைத் திருத்தத் தொடங்கினா?" என்றார். அன்றைக்கு 97. நூறுக்குக் கீழே நான் வந்தது அதுதான் முதல் தடவை. நாலில் முடிக்க வேண்டும் என்று பதறி, முடியாத தூரத்தில் இருந்து கிரீனுக்கு அடித்து, பங்கரில் விழுந்து, ஏழில் முடிக்கிற வழக்கம் போய்விட்டது. மூன்றாவது அடியில் கிரீனுக்குப் போனால் போதும் என்று இருப்பவனுக்கு இரண்டாவது அடி சும்மா ஒரு அடிதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மனசு சரியானால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் பந்து வருடக்கணக்கில் வலப்பக்கம் வளைந்து போனதற்கு மனசு காரணமில்லை, பிடி காரணம். இடது கையைக் கொஞ்சம் வலப்பக்கமாகத் திருப்பிப் பிடித்ததும் பாதி சரியாயிற்று. அதற்கு ஒரு பயிற்சியாளர் வாங்கியது ஒரு மணி நேரத்துக் கூலி.

சில இடத்தில் இரண்டும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கும். காற்று அப்படி. ஆடி மாதம் மச்சினன் வீட்டுக்கு ஆரல்வாய்மொழிப் பக்கம் போவேன். தென்மேற்குக் காற்று மலை இடைவெளியில் புகுந்து வருகிற இடம். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. அவன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டல். அங்கே நின்று காற்றுக்கு எதிரே முப்பது பந்து அடித்துப் பார்ப்பேன். எதிர்க்காற்று என்றதும் உடம்பு முழுக்க ஒரு வீம்பு வரும், பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடிக்கத் தோன்றும். ஓங்கி அடித்தால் பந்து பின்னோக்கிச் சுழலும் வேகம் கூடும். சுழற்சி கூடினால் பந்து மேலே எழும், எழுந்த பந்தைக் காற்று நிறுத்திவைத்துக் கீழே போட்டுவிடும். பட்டத்தை விடுகிற மாதிரிதான். அதற்குப் பதிலாக, ஏழாம் நம்பர் எடுக்கிற தூரத்துக்கு ஐந்தாம் நம்பரை எடுத்து, பாதி பலத்தில், பைய அடிக்க வேண்டும். பந்து தாழ்வாகப் போய்ச் சேரும். சொல்வது சுலபம். காது இரைகிற காற்றில் நின்றுகொண்டு 'பைய, பைய' என்று கைக்குச் சொல்வது இருக்கிறதே! இருபது பந்து வீம்பில் போகும், கடைசிப் பத்துத்தான் பந்து. காற்றுக்கு எதிரே சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போவதைப் பார்ப்பேன். அவர்களுக்கு அது தோல்வி மாதிரி இல்லை.

இனி சிரட்டை.

கோல்ஃபில் அடிகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கிரீனில் நடப்பது, பட்டரால் உருட்டுவது. பயமும் அங்கேதான் அதிகம், ஏனென்றால் குழி கண்ணுக்கு நேரே தெரிகிறது. பந்து போகவில்லை என்றால் சாக்குச் சொல்ல இடமில்லை. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். எங்கள் முற்றத்தின் ஓரத்தில், மிளகு காயப்போடுகிற தரைக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் பால் சிரட்டையைப் புதைத்து வைத்திருக்கிறேன். அதன் வாய் 108ஐவிடக் கொஞ்சம் சின்னது. மாலையில் கட்டஞ்சாயாவைத் திண்ணையில் வைத்துவிட்டு, அதில் ஐம்பது பந்து உருட்டுவேன். மாதம் முழுக்க சிரட்டையைப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமை நிஜக் குழியைப் பார்த்தால் வாளி மாதிரி இருக்கும். இது என் பிரமை என்றுதான் நினைத்திருந்தேன். 2008இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஆடி முடித்து வந்தவர்களிடம் குழி எவ்வளவு பெரிதாக இருந்தது என்று காட்டச் சொன்னார்களாம், அன்றைக்கு நன்றாக ஆடியவர்கள் பெரிய வட்டத்தைக் காட்டினார்களாம். நன்றாக ஆடியதால் பெரிதாகத் தெரிந்ததா, பெரிதாகத் தெரிந்ததால் நன்றாக ஆடினார்களா என்பது வேறு கேள்வி. எனக்குச் சிரட்டை போதும்.

இன்னொரு எண்ணையும் மனசில் வைத்திருக்கிறேன். எட்டு அடி தூரத்தில் இருந்து உருட்டும்போது உலகத்தின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே ஏறத்தாழ பாதிதான் உள்ளே போகிறது. தொலைக்காட்சியில் நமக்குக் காட்டுவது போன பாதி. இது தெரிவதற்கு முன்னால் எட்டு அடியைத் தவறவிட்டால் எனக்கு அவமானம். தெரிந்த பிறகு, நானும் அவர்களும் கூட்டாகத் தவறவிடுகிறோம்.

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், பெங்களூருப் பெண் அதிதி அசோக் நாலாவதாக வந்தார். உலக வரிசையில் இருநூறாவது இடத்தில் இருந்தவர், ஒரே ஓர் அடியில் வெண்கலம் போயிற்று. பை சுமந்தது அவருடைய அம்மா. மற்றவர்கள் அவரைவிட எவ்வளவோ தூரம் அடிக்கிறார்கள். அவர் ஒவ்வொரு குழியிலும் பின்னால் இருந்து ஆரம்பித்து, கிரீனில் உருட்டியே சமன் செய்துகொண்டிருந்தார். அதுவரை கோல்ஃப் என்றால் பணக்காரர் நடைப்பயிற்சி என்று சொல்லிக்கொண்டிருந்த என் மகள், அன்று காலை முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். முடிந்ததும் "அவங்க முகம் மாறவே இல்லப்பா" என்றாள். அப்புறம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். மட்டை எறிந்த கதை அவளுக்கும் தெரியும்.

போன வருடம் விஷு அன்றைக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஏப்ரல் 14, 2025. ரோரி மெக்கில்ராய் மேஜர்களில் ஒன்றான மாஸ்டர்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் ஞாயிறு சாயங்காலம், நமக்குத் திங்கள் விடிகாலை. இதே மைதானத்தில் 2011இல், இருபத்தொரு வயதில், கடைசி நாள் நாலு அடி முன்னிலையோடு தொடங்கி, பத்தாவது குழியில் ஏழு அடித்து, மொத்தம் 80இல் முடித்துத் தோற்றவர் அவர். இரண்டு மாதத்தில் யு.எஸ். ஓப்பனை எட்டு அடி வித்தியாசத்தில் வென்றார், அது ஆசான் அடுத்த மரத்துக்குப் போன வேகம். ஆனால் அந்தப் பழைய மரத்துக்கு அவர் திரும்பி வந்து வந்து பதினாலு வருடம் ஆகியிருந்தது. நான் இருட்டில் திண்ணையில் உட்கார்ந்து போனில் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் குழியிலேயே இரண்டு அடி கூட. கடைசிக் குழியில் ஐந்தடி உருட்டலைத் தவறவிட்டார், ஜஸ்டின் ரோஸோடு சமன். ஐந்தடி! என் சிரட்டையில் நான் தினமும் போடுகிற தூரம். போச்சு என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். அவர் கவிழ்த்து வைக்கவில்லை. மறுபடி நிமிர்த்திப் பார்த்தபோது சமனை உடைக்க ஆடுகிற பிளே ஆஃபில் முதல் குழியிலேயே வென்றிருந்தார்.

உள்ளே மனைவி விஷுக்கணி வைத்திருந்தாள், விடிந்ததும் கண் முதலில் பார்க்க வேண்டியது. கொன்றைப் பூ, வெள்ளரி, மட்டிப் பழக் குலை, நாணயம், நடுவில் கண்ணாடி. கண்ணை மூடிக்கொண்டு கூட்டிப்போனவள், திறக்கச் சொல்லிவிட்டு, "கண்ணாடி பாத்து ஏதாச்சும் சொல்லணும்னா இப்ப சொல்லிக்கிடுங்க" என்றாள்.

போன சனிக்கிழமை 94. நோட்டில் பதினோரு வரி. கடைசிக் குழியில் மூன்றடி தூரத்தில் இருந்து உருட்டியது விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. வாளி மாதிரி தெரிந்த குழிதான். எழுதினேன், நடந்தேன், எட்டாவது காலடியிலேயே ஏச்சு தீர்ந்துபோயிற்று. திரும்பும் வழியில் பாறசாலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மார்த்தாண்டத்தில் ரசவடையும் சாயாவும் குடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்தபோது, ஆசான் ஒட்டுப்பால் சாக்கைத் தாழ்வாரத்தில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எத்தன காயம் சாரே?"

"பதினொண்ணு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பதினெட்டுக் குழிக்குப் பதினொன்று என்பது வெட்டுக்காரர் கணக்கில் எங்கே நிற்கும் என்று எனக்கும் தெரியும்.

"மழக்காப்பு பிளாஸ்டிக் இன்னும் முப்பது மரத்துக்குப் போதாது" என்றார். "நாளைக்கு வாங்கித் தந்தீங்கன்னா ஒட்டிருவேன்."